ஒரு கூரைக்குக் கீழே எத்தனை பேர்? வன்னியில் வீட்டு நெருக்கத்தை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமத்துச் சங்கங்களுக்காக வீடு வீடாகப் போய் விபரம் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு என்று எங்கே போனாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. படிவம் நிரப்பப் போகிறவர்களுக்கும், தங்கள் வீட்டில் நெருக்கம் இருக்கிறதா என்று யோசிக்கிறவர்களுக்கும் பயன்படட்டும்.

எத்தனை பேருக்கு மேல் போனால் நெருக்கம் என்று சொல்வது?

உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே எண் கிடையாது. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஐ.நா. ஹபிடாட் வைத்திருக்கும் அளவு, குடியிருக்கத்தக்க ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தால் இடம் போதாது என்பது. அமெரிக்காவில் அறைக்கு ஒருவருக்கு மேல் என்றாலே நெருக்கம், ஒன்றரைக்கு மேல் என்றால் கடும் நெருக்கம். ஒரே வீட்டை ஒருவர் நெருக்கம் என்பார், மற்றவர் இல்லை என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கனடாவின் அளவு வேறு மாதிரி. அது எத்தனை பேர் என்பதோடு நிற்காமல் யார் யாரோடு படுக்கலாம் என்றும் கேட்கிறது. ஒரு படுக்கையறையில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. தம்பதிக்கு ஓர் அறை. 18 வயது கடந்த தனியாளுக்கு ஓர் அறை. 18க்குக் கீழே ஒரே பாலினப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து படுக்கலாம். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து படுப்பது ஐந்து வயதுக்குக் கீழே மட்டும்தான். நம்மூருக்கு இது பொருந்துமா என்று பலர் சிரிக்கிறார்கள். ஆனால் வயதுக்கு வந்த பெண்பிள்ளை எங்கே படுக்கிறாள் என்ற கவலை நம் அம்மாமாருக்கு எப்போதும் உண்டு. இங்கே சொல்லும் அளவுகளில் அந்தக் கவலையை எண்ணாக்கிக் காட்டுவது இது ஒன்றுதான். அதனால் எனக்கு இதில் மரியாதை உண்டு.

பரப்பளவை வைத்தும் அளக்கலாம். மனிதாபிமான உதவிப் பணிகளுக்கான ஸ்பியர் கைந்நூல் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 38 சதுர அடி என்கிறது. அது அவசரகாலத் தங்குமிடங்களுக்கான அடிமட்ட அளவு. நிரந்தர வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு "எல்லாம் சரி" என்று எழுதக் கூடாது.

ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வீட்டையே எடுப்போம். போருக்குப் பிறகு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550,000 ரூபாய் உதவியோடு கட்டிய 550 சதுர அடி வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி.

அதில் இருப்பவர்கள்: 68 வயது அம்மம்மா, அப்பா, அம்மா, கலியாணம் முடித்த மூத்த மகளும் மருமகனும், அவர்களுடைய ஒரு வயதுப் பெண்குழந்தை, 17 வயது மகள், 14 வயது மகன், 9 வயது மகன். ஒன்பது பேர். இது நான் சேர்த்துக் கோர்த்த குடும்பம்தான், ஆனால் இப்படி ஒரு வீடு இல்லாத ஒழுங்கை வன்னியில் குறைவு.

இரண்டு அறையையும் ஹோலையும் எண்ணினால் அறைக்குச் சரியாக மூன்று பேர். ஐ.நா. ஹபிடாட் அளவு "மூன்றுக்கு மேல்" என்பதால் இந்த வீடு மயிரிழையில் தப்பிவிடுகிறது. குசினியையும் அறை என்று போட்டால் 2.25 ஆகி இன்னும் நல்ல வீடாகத் தெரியும். பரப்பளவைப் பார்த்தால் ஆளுக்கு 61 சதுர அடி, ஸ்பியர் அளவையும் தாண்டிவிட்டது. இப்போது கனடா அளவைப் போடுங்கள். இரண்டு தம்பதிகளுக்கு இரண்டு அறை, அம்மம்மாவுக்கு ஒன்று, பொடியன்கள் இருவருக்கும் ஒன்று, 17 வயது மகளுக்கும் குழந்தைக்கும் ஒன்று. ஐந்து அறை வேண்டும், இருப்பது இரண்டு.

ஒரே வீடு, ஒரே ஒன்பது பேர். அறிக்கையில் எந்த எண் வருகிறது என்பதை அளவுகோலைத் தெரிவு செய்கிறவர்தான் தீர்மானிக்கிறார். அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது, கணக்கை இரண்டு விதமாகவாவது போடுங்கள், எந்த அளவில் போட்டீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எதை அறை என்று எண்ணுவது?

இரவில் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய, நான்கு பக்கமும் மறைப்புள்ள இடத்தை. விறாந்தையை எண்ண வேண்டாம், ஆனால் அங்கே யாராவது படுத்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குசினி வேண்டாம். சாமியறையை எண்ண வேண்டாம், அதில் யாரும் படுப்பதில்லை.

கதவைத் திறந்து பார்க்காமல் எண்ணாதீர்கள். காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் ஓர் அறை முழுக்க நெல்மூட்டை அடுக்கியிருக்கும். மேலே உரப்பை, மூலையில் மருந்தடிக்கும் மெஷின். ஹோலுக்குள் இரவில் மோட்டார் சைக்கிளை ஏற்றிவிடுவார்கள். நான் ஒருமுறை டேப் பிடித்துப் பார்த்த ஹோலில், சைக்கிள் இரண்டும் மோட்டார் சைக்கிளும் உள்ளே வந்த பிறகு பாய் விரிக்க எஞ்சியது ஆறடிக்கு ஏழடி. அதில் மூன்று பேர் படுத்தார்கள். படிவத்தில் அது "ஹோல், 1" என்றுதான் இருந்தது.

யார் யாரை எண்ணுவது? கலியாணம் கட்டிய மகள் தனியாகச் சமைத்தால் அவர்கள் வேறு குடும்பம்தானே?

இந்தக் கேள்வியில்தான் எங்கள் கணக்குகள் அதிகம் பிழைக்கின்றன. ஆறுதலாக வாசியுங்கள்.

தொகைமதிப்பில் குடும்பம் என்பது சேர்ந்து வாழ்ந்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். உலை வேறானால் குடும்பம் வேறு. கிராம அலுவலரிடம் உள்ள பதிவிலும் கலியாணம் கட்டியவுடன் தனிக் குடும்ப அட்டை எடுத்துவிடுவார்கள், உதவித் திட்டங்கள் அட்டைப்படிதான் வரும். இதில் யாரும் ஏமாற்றவில்லை, வாழ்க்கை அப்படி அமைந்திருக்கிறது. சீதனமாக வீடு கொடுக்க வேண்டும், வீடு கட்டக் காசில்லை, அதனால் மகளும் மருமகனும் அதே வீட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு, பின்பக்கம் பத்தி இறக்கித் தனியாக அடுப்பு மூட்டுகிறார்கள்.

மேலே சொன்ன வீட்டில் அப்படி நடந்தால் கணக்கு என்னவாகும்? அம்மாவின் குடும்பம் ஆறு பேர், ஓர் அறையும் ஹோலும். மகளின் குடும்பம் மூன்று பேர், ஓர் அறையும் ஹோலும். மகளிடம் கேட்டால் அறைக்கு ஒன்றரைப் பேர், வசதியான இளம் குடும்பம். ஹோல் இரண்டு தரம் எண்ணப்பட்டுவிட்டது. மூன்று அறை வீட்டுக்கு நான்கு அறை கணக்கு வந்துவிட்டது. கூரைக்குக் கீழே இருக்கும் ஒன்பது பேர் எந்தப் படிவத்திலும் ஒன்றாக இல்லை.

ஆகவே நெருக்கத்தை அளக்கும்போது உலையை விட்டுவிடுங்கள், கூரையை எண்ணுங்கள். "நேற்று இரவு இந்த வீட்டுக்குள் படுத்து எழும்பியவர்கள் யார் யார்?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த மிக நல்ல கேள்வி அதுதான். யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளை அதில் வராது. மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று மாறி மாறி இருக்கும் அம்மம்மா வருவார். கட்டாரில் இருக்கும் அண்ணன் வரமாட்டார், ஆனால் அவர் லீவில் வரும் நாட்களில் யார் எங்கே மாறிப் படுக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நுளம்புவலைகளை எண்ணுங்கள். ஒரு வலைக்குள் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு அறைக்குள் எத்தனை பேர் என்பதைவிடச் சரியான பதில் வரும், ஏனென்றால் வலை கட்டுகிற அம்மாவுக்கு அது மனப்பாடம்.

எந்தக் காலத்தில் அளப்பது நல்லது?

மாரியில். கோடையில் ஆம்பிளைகள் முற்றத்திலும் விறாந்தையிலும் வேப்பமரத்துக்குக் கீழேயும் படுப்பார்கள், வீடு காற்றாடும். ஐப்பசியில் மழை இறங்கியதும் அத்தனை பேரும் உள்ளே வரவேண்டும். ஆடியில் எடுத்த விபரத்தை வைத்து மார்கழியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. காட்டோரக் கிராமங்களில் யானைப் பயம் வந்துவிட்டால் கோடையிலும் வெளியே படுக்க முடியாது, அதையும் கேளுங்கள்.

வெள்ளம் வந்தால் உறவினர் வந்து சேர்ந்துகொள்வார்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது மேட்டு நிலத்தில் இருந்த வீடுகள் பல இரண்டு மூன்று குடும்பங்களைத் தாங்கின. அந்த மாதிரித் தற்காலிக நெருக்கத்தை வழமையான நெருக்கத்தோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று அறை இருக்கிறது, ஆனாலும் எல்லோரும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். இது நெருக்கமா?

ஆம். அறை இருந்தும் பயன்படுத்த முடியாத நெருக்கம் இது. நியூசிலாந்தில் 2013இல் தொடங்கிய ஆரோக்கிய வீடுகள் திட்டத்தில் இதைத் தனியாகவே பார்த்தார்கள். அங்கே குளிர் காரணம், ஓர் அறையை மட்டும்தான் சூடாக்கக் காசு இருக்கும், எல்லோரும் அதற்குள் படுப்பார்கள். இங்கே குளிருக்குப் பதிலாக வேறு மூன்று இருக்கின்றன: ஒரே ஒரு ஃபேன், ஒழுகாத ஒரே கூரை, பயம். கணவனை இழந்த ஒரு அம்மா தன் மூன்று பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தாழ்ப்பாள் நல்லாய் இருக்கும் அறையில் படுக்கிறார் என்றால் அது அறைப் பற்றாக்குறை இல்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு அறை கட்டிக் கொடுப்பதில் பயனில்லை, கதவும் வெளிச்சமும்தான் வேண்டும். எதற்காக ஒரே அறை என்று கேட்காமல் படிவத்தை மூடிவிடாதீர்கள்.

உடம்புக்கு என்ன செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீடும் சுகாதாரமும் பற்றிய வழிகாட்டல்களில் வீட்டு நெருக்கத்தைக் குறைக்க வேண்டும் என்பது உறுதியான பரிந்துரையாக இருக்கிறது. சான்று மிக வலுவாக இருப்பது காசநோய்க்கு. இருமுபவர் விடும் காற்றை, மூடிய அறையில், இரவிரவாக எத்தனை பேர் சுவாசிக்கிறார்கள் என்பதுதான் காரணம். ஒரு தட்டில் சாப்பிட்டதால் அது வராது, இருமும் அம்மம்மாவின் கோப்பையைத் தனியாக வைப்பதில் பயனில்லை. அவர் படுக்கும் அறையின் யன்னலைத் திறந்து வைப்பதில் பயன் உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போகவேண்டும். சிகிச்சை வழமையாக ஆறு மாதம், அரச வைத்தியசாலைகளில் இலவசம்.

தொண்டைக் கிருமியால் தொடங்கி இதயத்தைப் பாதிக்கும் வாதக்காய்ச்சலும் நெருக்கமான வீடுகளில் அதிகம். நியூசிலாந்துத் திட்டம் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். சளி, இருமல், வயிற்றோட்டம், சிரங்கு எல்லாவற்றையும் குடும்பநல மாது உங்களுக்கு நன்றாகச் சொல்லுவார்.

மனதை எப்படி அளப்பது? கேட்டால் எல்லோரும் "பிரச்சினை இல்லை" என்கிறார்களே?

எல்லோருக்கும் முன்னால் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். நெருக்கமான வீட்டில் மனதைப் பற்றிக் கேட்பதற்கே தனியிடம் கிடையாது. விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் ஓ.எல். எழுதும் பிள்ளையிடம் ஹோலில் வைத்துக் கேட்டேன். அப்பா, அம்மா, அம்மம்மா எல்லோரும் சுற்றி இருந்தார்கள். "ஒரு பிரச்சினையும் இல்லை, மிஸ்." பிறகு தண்ணீர் குடிக்கக் கேட்டு, அவளோடு கிணற்றடிக்குப் போனேன். வாளியை இழுத்துக்கொண்டே சொன்னாள்: தம்பிமார் படுத்த பிறகு லைட் போட்டால் அப்பா பேசுவார், அதனால் குசினி வாசலில் போன் வெளிச்சத்தில் படிப்பாள். நுளம்பு கடிக்கும். உடுப்பு மாற்ற பின்பத்திக்குப் போகவேண்டும், அங்கே கதவுக்குப் பதில் சாக்கு. இதையெல்லாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை, வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்து நேரே என் கையைப் பார்த்து, "இதை எழுத வேண்டாம், மிஸ்" என்றாள். அன்று அவளுடைய படிவத்தில் எழுதவில்லை. பல வருடம் கழித்து, எந்த அடையாளமும் இல்லாமல், இங்கேதான் எழுதுகிறேன்.

ஆகவே முதல் விதி, தனியாகக் கேளுங்கள். கிணற்றடி, வேலிக்கரை, கோயில் வீதி எதுவானாலும் சரி. வீட்டுத் தலைவரிடம் அறைக் கணக்கைக் கேளுங்கள். மனதைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கருவி வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல்வாழ்வுச் சுட்டி போதும். கடந்த இரண்டு கிழமையைப் பற்றி ஐந்து வசனம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி, கூட்டி நான்கால் பெருக்கினால் 100க்கு வரும். 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவர் என்று அர்த்தம், நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. அதில் ஒரு வசனம், எழும்பும்போது களைப்பு நீங்கி உற்சாகமாக எழும்பினேன் என்பது. நெருக்கமான வீடுகளில் முதலில் விழுவது அந்தப் புள்ளிதான், என் அனுபவத்தில்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து கேரி எவன்ஸ். நெருக்கமான வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளின் பேச்சுக்கு மறுமொழி கொடுப்பது குறைகிறது, கதைக்கும் கதையும் சுருங்கிவிடுகிறது என்று 1999இல் அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடுகள்தான் கண்ணில் வந்தன. இங்கே பிள்ளையிடம் இரவில் சொல்லும் வசனங்களை எண்ணிப் பாருங்கள்: தள்ளிப் படு. சத்தம் போடாதே. லைட்டை நூர்.

நம்மவர்களுக்குக் கூட்டமாக இருப்பது பழக்கம்தானே? முகாமில் இருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு நெருக்கமா?

இதை என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் முகாமில் இருந்தவர்கள். 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாமில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்ததும், அந்த வருடமே மஞ்சட்காமாலை பரவியதும் எவருக்கும் மறக்கவில்லை. அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதோடு ஒப்பிட்டால் இரண்டு அறைக் கல்வீடு அரண்மனை. "பரவாயில்லை" என்று அவர்கள் சொல்வது மனதார வருவது.

ஆனால் பரவாயில்லை என்று நினைப்பதும் பாதிப்பு இல்லாமல் இருப்பதும் ஒன்றா? எவன்ஸும் இன்னும் இருவரும் 2000இல் இதையே சோதித்தார்கள். அமெரிக்காவில் வாழும் வியட்நாம், மெக்சிக்கோ வழியினர் ஒரே அளவு நெருக்கத்தை வெள்ளையர்களையும் கறுப்பினத்தவர்களையும்விடக் குறைவாகவே உணர்ந்தார்கள். ஆனால் நெருக்கம் கூடக்கூட மனவுளைச்சல் கூடியது நான்கு பகுதியினருக்கும் ஒரே மாதிரி. பழக்கம் வாயில் இருந்து முறைப்பாட்டை எடுத்துவிடுகிறது, நித்திரையைத் திருப்பித் தருவதில்லை. முகாமில் இருந்த ஒருவர் "பரவாயில்லை" என்றால் அதை மரியாதையோடு எழுதிக்கொள்ளுங்கள், அதை வைத்து அந்த வீட்டைக் கணக்கில் இருந்து வெட்டாதீர்கள்.

வறுமைதான் காரணம் என்றால் நெருக்கத்தைத் தனியாக அளந்து என்ன பயன்?

நியாயமான கேள்வி. நெருக்கமான வீடு பெரும்பாலும் வருமானம் குறைந்த வீடும்தான், தகரக் கூரை வீடும்தான். எது எதால் வந்தது என்று ஒரு நாள் விபரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. முடிந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு தரம் போங்கள்: ஓர் அறை கூடுவதற்கு முன்னும், கூடி ஒரு மாரி கழிந்த பின்னும். வருமானம் அப்படியே இருக்க நித்திரையும் படிப்பும் மாறியிருந்தால், சொல்ல ஒரு விடயம் இருக்கிறது.

கூட்டமாக இருப்பதில் நன்மையே இல்லையா?

இருக்கிறது. குழந்தையைப் பார்க்க அம்மம்மா, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒரு கை, இரவில் துணை. உளவியலாளர் டானியல் ஸ்டோக்கல்ஸ் 1972இல் பிரித்துச் சொன்னது இதற்கு உதவும்: ஆள் அடர்த்தி என்பது வெறும் கணக்கு, நெருக்கம் என்பது இடம் வேண்டிய நேரத்தில் கிடைக்காதபோது ஏற்படும் உணர்வு. ஒன்பது பேர் இருக்கும் வீட்டில் கதவு சாத்தக்கூடிய ஒரு மூலை இருந்தால் பலருக்கு அது போதும். அதே ஊரில், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, ஐந்து அறை வீட்டில் தனியே இருக்கும் ஐயாமாரையும் பார்க்கிறேன். அவர்களுடைய நல்வாழ்வுப் புள்ளியும் நன்றாக இருப்பதில்லை.

இன்னொரு அறை கட்டக் காசில்லை. வேறு என்ன செய்யலாம்?

விறாந்தையின் ஒரு பக்கத்தை கிடுகாலோ தகரத்தாலோ அடைத்தால் மாரியில் ஆம்பிளைகளுக்கு ஒரு படுக்கை. நெல்லை விற்கும்வரை வைக்க முற்றத்தில் உயர்த்திக் கட்டிய ஒரு கொட்டில் போட்டால் பூட்டியிருந்த அறை திரும்பக் கிடைக்கும், நான் பார்த்ததில் மிகவும் பயன்பட்டது அதுதான். படிக்கும் பிள்ளைக்குப் பொதுநோக்கு மண்டபத்தையோ முன்பள்ளியையோ இரவு ஒன்பது மணிவரை திறந்து கொடுத்த சங்கங்கள் இருக்கின்றன. ஒரு பல்ப், நான்கு கதிரை, யாராவது ஒரு அம்மா காவலுக்கு. பின்பத்தியின் சாக்கை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளோடு ஒரு கதவு போடுவது எல்லாவற்றையும் விட மலிவு.

எடுத்த விபரத்தை யாரிடம் காட்டலாம்?

கூட்டிய எண்களைப் பிரதேச செயலகத்துக்கும் சங்கத்துக்கும் கொடுக்கலாம். வீட்டு இலக்கம், பெயர், யார் எங்கே படுக்கிறார் என்பதை எவருக்கும் காட்டக் கூடாது, கிராம அலுவலர் கேட்டாலும்கூட. ஒரு வீட்டில் இரண்டு அட்டை இருக்கிறது என்று நீங்கள் காட்டிக் கொடுத்ததாகக் கதை பரவினால் அடுத்த வீட்டில் யாரும் பாயை விரித்துக் காட்டமாட்டார்கள்.